சமுதாய வானொலி தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியாவில் சொந்தமாக ஒரு சமுதாய வானொலி நிலையம் தொடங்க நினைக்கும் கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. உரிமம் வாங்குவதுதான் பெரிய மலை என்று பலர் நினைக்கிறார்கள். உரிமம் கிடைத்த பிறகு கேபிள், மின்சாரம், சம்பளம் என்று வருகிற சிக்கல்களே அதிகம் என்பதால், பதில்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

ஆகாஷவாணி, தனியார் எஃப்.எம்., சமுதாய வானொலி: மூன்றுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பெட்டியில் முள்ளைத் திருப்பும்போது மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடைக்கும். யாருடைய பணத்தில், யாருக்காக நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆகாஷவாணி பொது ஒலிபரப்பு. 1990-இல் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மத்திய அலை, எஃப்.எம். இரண்டும் வைத்திருக்கிறது. லாபம் வராத மொழியிலும், லாபம் வராத மலைப்பகுதியிலும் ஒலிபரப்பும் கடமை அதற்கு உண்டு.

தனியார் எஃப்.எம். ஏலத்தில் எடுப்பது. நகரம் நகரமாக அலைவரிசைகள் ஏலம் போகும், மூன்றாம் கட்ட ஏலத்தில் எடுத்தவர்களுக்கு 15 ஆண்டு உரிமம். நுழைவுக் கட்டணம் போக, வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசுக்குக் கட்ட வேண்டும். விளம்பரதாரர் தேடுகிற கேட்பவர் யாரோ, அவருக்கான பாட்டுதான் நாள் முழுக்க ஓடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தத் தொழிலின் கணக்கு அது.

சமுதாய வானொலிக்கு ஏலம் கிடையாது. லாப நோக்கமற்ற அமைப்பு நடத்த வேண்டும். வீச்சு சில கிலோமீட்டர்தான். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்திலேயே, அங்குள்ள மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும். ‘சின்ன எஃப்.எம்.’ என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் சினிமாப் பாட்டுப் பெட்டியாகிவிடுகிறார்கள். பாட்டுக்கு ஏற்கெனவே ஏழெட்டு நிலையங்கள் இருக்கும்போது ஒன்பதாவதை யார் கேட்பார்கள்?

இது எப்போது ஆரம்பித்தது?

சென்னையில் 1924 ஜூலை 31 அன்று மதராஸ் மாகாண வானொலிச் சங்கம் என்ற தன்னார்வக் குழுதான் முதலில் ஒலிபரப்பியது. அரசு அல்ல, ஆர்வலர்கள். பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-இல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில்தான் வந்தது, திருச்சி 1939-இல். நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் சென்னையில்தான், 1977-இல்.

பிறகு நெடுங்காலம் வானொலி என்றால் அரசு மட்டுமே. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சமுதாய வானொலிக்காரர்கள் பத்தாண்டு வாதாடினார்கள். 2001-இல் பெங்களூரில் முதல் தனியார் எஃப்.எம். வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4-இல் ஒலித்தது. வளாக வானொலிகளில் அதுவே முதல். 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது.

ஆகாஷவாணியே விவசாயம், உடல்நலம் எல்லாம் சொல்கிறதே? இன்னொன்று எதற்கு?

சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. 1960-களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள், திருச்சி வானொலியைக் கேட்டு விதைத்ததால். பொது ஒலிபரப்பின் பலத்துக்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

ஆனால் ஒரு பெரிய நிலையம் பல மாவட்டங்களுக்குப் பொதுவாகப் பேச வேண்டும். இந்தக் கிராமத்து வாய்க்காலில் இன்று முறைத் தண்ணீர் யாருக்கு என்று அதனால் சொல்ல முடியாது. பாம்பன் தீவில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலை உயரம், காற்றின் வேகம், மீன்வளச் செய்தி எல்லாம் மீனவர் பேச்சிலேயே போகின்றன. ‘தென்மேற்குத் திசையில் மணிக்கு 45 கிலோமீட்டர்’ என்று வாசிப்பதற்கும், ‘கச்சான் காத்து பலமா இருக்கு, வத்தையை இறக்காதீங்க’ என்று சொல்வதற்கும் இடையில்தான் சமுதாய வானொலியின் இடம் இருக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்?

கல்வி நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு பெற்ற சங்கங்கள், அறக்கட்டளைகள். தொண்டு நிறுவனமாக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள் அந்தச் சமூகத்தில் வேலை செய்த சான்று வேண்டும். ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு இரண்டும் கேட்பார்கள்.

தனி மனிதர், அரசியல் கட்சி, கட்சியின் துணை அமைப்பு, லாப நோக்குள்ள கம்பெனி, தடை செய்யப்பட்ட அமைப்பு: இவற்றுக்குக் கிடையாது.

ஒரே நிறுவனம் இரண்டு நிலையம் நடத்தலாமா?

2024-இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி, பல மாவட்டங்களில் வேலை செய்யும் அமைப்பு வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். முதல் ஒன்று மூன்று வருடம் ஓடி, கடன் இல்லாமல் நிற்கட்டும். அதற்கு முன் இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

விண்ணப்பம் எந்த வழியாகப் போகும்?

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில் பதிய வேண்டும். கூர்ந்தாய்வுக் குழு பார்க்கும். தொண்டு நிறுவனம் என்றால் உள்துறை, பாதுகாப்பு உள்ளிட்ட அமைச்சகங்களின் தடையின்மைச் சான்றும் வர வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் இந்தச் சுற்று சுருங்கும். எல்லாம் சரியென்றால் விருப்பக் கடிதம், அதாவது அமைச்சகத்தின் முதற்கட்ட ஒப்புதல், வரும், இப்போது அதன் ஆயுள் ஓராண்டு. அந்த ஓராண்டுக்குள் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவில் அலைவரிசை ஒதுக்கீடும், கோபுரம் நிறுத்தும் இடத்துக்கான அனுமதியும் வாங்க வேண்டும். அதன்பின் வங்கி உத்தரவாதம் கொடுத்து அமைச்சகத்துடன் ஒப்பந்தம். கடைசியாக, கருவிகளை நிறுவி, கம்பியில்லா இயக்க உரிமம் பெற்ற பிறகே ஒலிபரப்பு. ஒப்பந்தம் முன்பு 5 ஆண்டுக்கு, இப்போது 10 ஆண்டுக்கு.

எங்கே தடுக்கும் என்றால், பெரும்பாலும் கோபுர இடத்தில். அட்சரேகை, தீர்க்கரேகையை கைப்பேசி வரைபடத்தில் விரலால் தொட்டு எடுத்து எழுதுகிறார்கள். கட்டடத்தின் முன்வாசல் ஓரிடம், கோபுரம் நிற்கப்போவது பின்புறம் 80 மீட்டர் தள்ளி. பாகை, கலை, விகலைக் கணக்கில் ஒரு விகலை பிசகினாலே தரையில் சுமார் 30 மீட்டர் மாறும். கோபுரம் நிற்கப்போகும் புள்ளியிலேயே நின்று அளவெடுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் உயரக் கேள்வி கூடுதலாக வரும்.

இன்னொன்று: ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. கையெழுத்துக்கு மட்டும் நான்கு பெயரைச் சேர்த்தால் நிகழ்ச்சியிலேயே அது தெரிந்துவிடும்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

அனுமதிக்கப்படும் பயனுறு கதிர்வீச்சுத் திறன் (கேபிள் இழப்பைக் கழித்து, ஆன்டெனா கூட்டுவதைச் சேர்த்து வெளியே போவது) 100 வாட். சிறப்புத் தேவை இருந்தால் 250 வாட் வரை. ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போகவும் கூடாது. சமதரையில் 5 முதல் 10 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். மலை, அடர்ந்த கட்டடங்கள் குறுக்கே இருந்தால் ஒரு திசையில் மூன்று கிலோமீட்டரிலேயே முடிந்துபோகும்.

வாட் கூடினால் தூரம் கூடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாட்டை இரட்டித்தால் தூரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஆன்டெனா உயரத்தை இரட்டித்தால் நாற்பது சதவீதம் கூடும். எனவே பணம் குறைவாக இருந்தால் முதலில் கோபுரத்தில் போடுங்கள்.

50 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கினோம். கோபுர உச்சியில் எவ்வளவு வாட் வெளியே போகிறது?

இதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி இது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனா வரை 30 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்ஜி-213 கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸ் அருகே 100 மீட்டருக்குச் சுமார் 7 டெசிபல் (திறன் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) இழப்பு. 30 மீட்டருக்கு 2 டெசிபல். 50 வாட்டில் 31 அல்லது 32 வாட்தான் மேலே போய்ச் சேரும். மிச்சம் கேபிளைச் சூடாக்கும். அதே இடத்தில் அரை அங்குல நுரைக் கேபிள் போட்டால் இழப்பு 0.7 டெசிபல்தான், சுமார் 42 வாட் போய்ச் சேரும். இரண்டு அடுக்கு செங்குத்து டைபோல் (இரு கை கொண்ட கம்பி) ஆன்டெனா 3 டெசிபல் கூட்டினால், முதல் கேபிளில் 63 வாட், இரண்டாவதில் 85 வாட். டிரான்ஸ்மிட்டரைத் தொடாமலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கேபிளில் மிச்சம் பிடித்துவிட்டு ‘எங்கள் டிரான்ஸ்மிட்டர் சரியில்லை’ என்று புகார் சொல்லும் நிலையங்கள் உண்டு.

பக்கத்து ஊர் நிலையம் மூடிவிட்டது. அவர்கள் ஆன்டெனாவை வாங்கி மாட்டலாமா?

அது எந்த அலைவரிசைக்கு வெட்டியது என்று பாருங்கள். 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீள டைபோல் சுமார் 1.58 மீட்டர் இருக்கும், 107.8-க்கு சுமார் 1.32 மீட்டர். ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த வித்தியாசம், ஆனால் அது போதும் கெடுக்க. பொருந்தாத ஆன்டெனாவில் திறன் மேலே போகாமல் திரும்பி வரும். இந்தத் திரும்பலைக் காட்டும் நிலை அலை விகிதம் 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, பொறுத்துக்கொள்ளலாம். 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம், கால்வாசி. நல்ல டிரான்ஸ்மிட்டர் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். மலிவானது கடைசி நிலை டிரான்சிஸ்டரை எரித்துவிட்டுத்தான் ஓயும்.

தினமும் காலையில் டிரான்ஸ்மிட்டர் திரையில் முன் திறன் (ஆன்டெனாவுக்குப் போவது), பின் திறன் (திரும்பி வருவது) இரண்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பின் திறன் மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் மேலே இணைப்பானில் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். மழைக்குப் பிறகு ஏறி, வெயிலில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

எது முதலில் கெடும்?

கடற்கரையில் இணைப்பான்கள். உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் பச்சை பூத்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றி, அதன்மேல் சாதாரண நாடா சுற்றுங்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

உள்நாட்டில் இடியும் மின்னழுத்தமும். கோபுரத்துக்குத் தனி நில இணைப்பு (எர்த்), கேபிளுக்கு மின்னல் தடுப்பான், ஸ்டூடியோ நில இணைப்பு: மூன்றையும் தரைக்கடியில் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். தனித்தனியே விட்டால் இடி விழும்போது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு வந்து ஸ்டூடியோவின் ஒலிக்கலவை மிக்சர் வழியாகப் பாயும். மின்சாரம் போய் வரும்போது எழும் தாவலுக்கு ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் தேவை. டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 100, 150 வாட்தான். ஏசியை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

107.8-இல் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமான வழிகாட்டிக் கருவிகள் இயங்குகின்றன. வடிகட்டி சரியில்லாத டிரான்ஸ்மிட்டர் அங்கே கசிந்தால் அந்தக் கசிவை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் குரல் மட்டும் கீச்சென்று கேட்கிறது, ‘ச’ எல்லாம் சீறுகிறது. ஏன்?

எக்சைட்டரில் (டிரான்ஸ்மிட்டரில் ஒலியை அலையாக்கும் பகுதி) முன்னழுத்த அமைப்பைப் பாருங்கள், கீச்சு ஒலிகளை அனுப்பும் முன் தூக்கிவிடும் அளவு அது. இந்தியாவில் 50 மைக்ரோவினாடி. வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகள் சிலவற்றில் அமெரிக்க அளவான 75-இல் வைத்திருப்பார்கள். ஒரு சுவிட்சில் தீரும் விஷயம். அதுவும் சரியென்றால் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் அடக்கும் கருவி) இல்லாமல் விலகல், அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை நகரும் அளவு, 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

ஸ்டூடியோவுக்கு முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

போதாது. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைச் சற்றுக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடித்தால் நொடியில் பரவும். 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளியைத் துணியால் மூடிச் சுவரில் அடியுங்கள். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், பெரும்பாதிச் சத்தம் அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறது. ஆடி மாதம் அம்மன் கோவில் குழாய் ஒலிபெருக்கியை எந்தச் சுவரும் தடுக்காது. அந்த வாரங்களுக்கான நிகழ்ச்சிகளை ஆனியிலேயே பதிந்துவிடுங்கள்.

களத்தில் பதியும்போது மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். காற்றுக்குப் பஞ்சுறை கட்டாயம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

செய்தி வாசிக்கலாமா?

சொந்தச் செய்தி கூடாது. தனியார் எஃப்.எம்.முக்கும் இதே தடைதான். ஆகாஷவாணிச் செய்தியை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா, விளையாட்டு, பேரிடர் எச்சரிக்கை இவை செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம்.

இந்தத் தடை நியாயமா என்றால், இல்லை என்பதே எங்கள் பதில். அதே ஊரில் யாரும் யூடியூபில் செய்தி வாசிக்கலாம், தொலைக்காட்சி நாள் முழுக்க வாசிக்கலாம், வானொலி மட்டும் கூடாது. ஆனால் விதி மாறும் வரை விதிதான். ஒலிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பழைய கணினியைத் தனியாக ஒதுக்குங்கள். அது நிலையத்தின் வெளியீட்டுக் கம்பியிலிருந்து அல்ல, ஒரு ரேடியோ பெட்டியிலிருந்து பதியட்டும். அப்போதுதான் உண்மையில் காற்றில் போனது என்ன என்பது தெரியும்.

சினிமாப் பாட்டு?

காப்புரிமைக் கட்டணம் உண்டு, பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஒன்று, வரிக்கும் இசைக்கும் ஒன்று. சமுதாய வானொலி என்பதால் இலவசம் ஆகிவிடாது. உங்கள் ஊர் நாற்றுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மியை நீங்களே பதிந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. பாடியவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், சன்மானமும் கொடுங்கள்.

வருமானம் எங்கிருந்து வரும்?

ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் முதலில் 5 நிமிடம், பிறகு 7, 2024 முதல் 12. அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 52 ரூபாயாக இருந்தது 74 ஆனது. இந்த அறிவிப்பு வந்ததும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த வட்டாரச் சமுதாய வானொலி மாநாட்டில்தான்.

தாளில் கணக்குப் போட்டால் 12 நிமிடத்தில் 72 பத்துநொடி, ஒரு மணிக்கு 5,328 ரூபாய். இதை 10 மணி நேரத்தால் பெருக்கி, 30 நாளால் பெருக்கித் திட்ட அறிக்கையில் எழுதுகிறார்கள். அப்படி வராது. அரசு விளம்பரம் விட்டு விட்டு வரும், பணம் தாமதமாக வரும், ஒலிபரப்பிய நேரப் பதிவேடு இல்லாவிட்டால் பில்லே நிற்கும். உள்ளூர் ஜவுளிக்கடையும் உரக்கடையும் அந்த விலை தராது. மாதச் சம்பளம், மின்கட்டணம், பழுது மூன்றுக்கும் முதல் இரண்டு வருடத்துக்கான பணம் கையில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். அரசு தவிர்த்த மற்றவர்கள் பணம் கொடுத்து ஆதரிக்கும் (ஸ்பான்சர்) நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் கவனத்தில் வையுங்கள்.

தினமும் எத்தனை மணி நேரம் புதிதாகத் தயாரிக்க வேண்டும்?

நான்கு பேர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக வரும். காலையில் போட்டதை மாலையில் மறுபடி போடுங்கள். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில்தான் கேட்பார். 24 மணி நேரமும் ஓட்டுவது பெருமைக்கு நன்றாக இருக்கும், இரவு இரண்டு மணிக்குக் கருவி சூடாவதைத் தவிர வேறு பயனில்லை. புயல் நாள் மட்டும் விதிவிலக்கு.

ரேடியோ பெட்டியே யாரிடமும் இல்லையே?

கைப்பேசியில் கேட்டார்கள், அதிலும் இப்போது சிக்கல். எஃப்.எம். கேட்க இயர்போன் கம்பிதான் ஆன்டெனா. புதுக் கைப்பேசிகளில் அந்தத் துளையே இல்லை, பலவற்றில் எஃப்.எம். வசதியையும் எடுத்துவிட்டார்கள். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. ஆட்டோ, டீக்கடை, தையல் கடை, பீடி சுற்றும் திண்ணை: கை வேலையாக இருந்து காது சும்மா இருக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அங்கே சின்னப் பெட்டிகளைக் கொடுங்கள். அலைவரிசை எண்ணைப் பெட்டியின் மேல் பெயின்டால் எழுதிக் கொடுங்கள். பலர் முள்ளைத் திருப்பித் தேட மாட்டார்கள்.

உரிமம் வரும்வரை சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. பீகாரின் மன்சூர்பூரில் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை ஒன்றிலிருந்து கையால் செய்த டிரான்ஸ்மிட்டரில் ஒரு நிலையம் ஓடியது. ஊரே கேட்டது. உரிமம் இல்லை என்று 2006-இல் மூடினார்கள். காத்திருக்கும் மாதங்களில் நிகழ்ச்சிகளைப் பதிந்து, வாரம் ஒருமுறை கிராமச் சாவடியில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எந்த நிமிடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள் என்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.